அடைபட்ட அலைவரிசை

இப்போது எங்கள் டவரில் திரை வந்துவிட்டது. வானத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானமும் அதில் ஒரு புள்ளியாக நகர்கிறது. பக்கத்திலேயே அதன் பெயரும் உயரமும். நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார்கள். பணியில் இருந்த பெண், “இது இல்லாம ரெண்டு விமானத்த எப்படி மேடம் பிரிச்சு வச்சீங்க?” என்று கேட்டாள்.

“கேட்டுத்தான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரேடார் இல்லாத சிறிய விமான நிலையத்தில் வேலை அப்படித்தான் நடக்கும். எங்கே இருக்கிறீர்கள், எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்போம். விமானி சொல்வதைக் காதால் கேட்போம். அதை ஒரு காகிதச் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் பட்டையில் செருகி, மேசையில் உயர வரிசைப்படி அடுக்குவோம். மேலே பறப்பவரின் சீட்டு மேலே, கீழே பறப்பவரின் சீட்டு கீழே. இருவருக்கும் இடையில் குறைந்தது ஆயிரம் அடி. கீழே இருப்பவர் விலகிப் போய்விட்டேன் என்று தன் வாயால் சொல்லும்வரை மேலே இருப்பவரை இறக்கக் கூடாது. அடுத்தவர் சொல்வதை நம்புவதுதான் எங்கள் தொழில். நம்புவதற்கு முன் திருப்பிச் சொல்ல வைப்பது அதில் பாதி.

என் சொந்த ஊர் புன்னைக்காயல். அப்பா கப்பலில் வேலை பார்த்தார். தூத்துக்குடியில் இயற்பியல் படித்தேன், தேர்வு எழுதினேன், வடக்கே பயிற்சிக்குப் போனேன். அந்தப் பயிற்சியில் நினைவிருப்பது இரண்டுதான். ஒன்று குளிர். மற்றது, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஏதோ ஒரு விபத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் யாரும் கத்த மாட்டார்கள். கடைசி வார்த்தைவரை எல்லோரும் மரியாதையாகவே பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிடுவது கஷ்டம். பிறகு பெரிய நகரங்களில் பல வருஷம், ரேடார் திரைக்கு முன்னால். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் மாற்றல் கேட்டு ஊர்ப்பக்கம் வந்தேன். தூத்துக்குடிக்கு மேற்கே, புதுக்கோட்டை என்ற சிற்றூரைத் தாண்டி, செம்மண் காட்டுக்கு நடுவில் ஒரு டவர். திரை கிடையாது. சுற்றிலும் கண்ணாடி, ஒரு பைனாகுலர், இரண்டு மைக்.

டவருக்குப் பொறுப்பாளர் சிவசுப்பிரமணியன். எல்லோருக்கும் சிவசு சார். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்க்காரர். இருதயத்தில் ஏதோ கோளாறு என்று மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டதால் அவர் மைக்கைத் தொடக் கூடாது. நிர்வாகம் மட்டும் பார்க்கலாம். ஆனால் விமானம் வரும் நேரமெல்லாம் மாடியேறி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பேச மாட்டார். நான் தவறாகச் செய்தாலும் அந்த நேரத்தில் பேச மாட்டார் என்பதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. விமானம் இறங்கி நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார்.

நான் வந்த புதிதில் ஒரு கேப்டன், எதைச் சொன்னாலும் “சரி, சரி” என்று மட்டும் பதில் சொல்லுவார். உயரத்தைத் திருப்பிச் சொல்ல மாட்டார். நானும் அனுபவசாலி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். விமானம் நின்றதும் சிவசு சார் கேட்டார்.

“அவர் காதுல என்ன விழுந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா மெர்சி?”

“சரின்னு சொன்னாரே சார்.”

“எதுக்குச் சரி? நீ சொன்னதுக்கா, அவருக்குக் கேட்டதுக்கா?”

அடுத்த முறை அதே கேப்டனிடம் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சரி என்றார். மறுபடி கேட்டேன். சரி என்றார். மூன்றாவது முறை கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகச் சொன்னார். கீழே இறங்கியதும் நேராக மேனேஜரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார். சிவசு சார் அலட்டிக்கொள்ளவில்லை. “கோவப்படட்டும். கோவத்தோடயாவது சொல்லுதாருல்லா” என்றார்.

இன்னொரு முறை, ஒரு விமானம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஓடுபாதையின் மறுகோடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. கானல் நீரில் எதுவும் சரியாகத் தெரியாத வெயில். மேலே தூக்கிச் சுற்றி வரச் சொல்லிவிட்டேன். ஜீப் போய்ப் பார்த்தால் நான்கைந்து மயில்கள். விமானத்தில் இருந்த ஒரு பெரிய மனிதருக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. யார் பொறுப்பு என்று கீழே சத்தம் போட்டார். “மயிலக் கூப்பிட்டு விசாரிச்சுச் சொல்லுதோம் சார்” என்று சிவசு சார் அவரை அனுப்பிவைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் பாராட்டு என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம். காலையில் வெயில் அடித்து, மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து மேகம் ஏறிவரும் பருவம். என் பொறுப்பில் இரண்டே விமானங்கள். ஒன்று சென்னையிலிருந்து வரும் பயணிகள் விமானம். மற்றது கடற்கரையை அளக்க வந்த சிறிய விமானம். அதில் ஒரு விமானியும் படம் எடுக்கும் இரண்டு பேரும் இருந்தார்கள். திருச்செந்தூருக்கும் வேம்பாருக்கும் இடையில் கரையோரமாக வடக்கும் தெற்குமாக, வயலில் உழுவதுபோலப் போய்வந்து, தீவுகளையும் கடலடித் திட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மூவாயிரம் அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது அதற்கு நான் கொடுத்திருந்த கட்டளை.

பயணிகள் விமானத்தில் எதிரே இன்னொரு விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவி உண்டு. ஆனால் எதிரே வருவதில் அதற்குப் பதில் கொடுக்கும் கருவி வேலை செய்தால்தான் அது கண்டுபிடிக்கும். சிறிய விமானத்தில் அந்தக் கருவி பழுது. அதை முன்பே தெரிவித்து, பகலில், தெளிவான வானிலையில், மேகத்துக்கு வெளியே மட்டும் பறப்பதாக முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆக, அந்த இரண்டையும் பிரித்து வைக்க என் குரலைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

சென்னை விமானம் எங்கள் தலைக்கு மேல் வந்து, அங்கிருந்து கிழக்கே கடல்வரை போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். போகும் பாதை கரையைக் குறுக்கே வெட்டும். “ஐயாயிரம் அடியிலேயே இருங்கள். கீழே ஒரு விமானம் இருக்கிறது. நான் சொல்லும்வரை இறங்க வேண்டாம்” என்றேன். கேப்டன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் கடந்து கிழக்கே போவதாகச் சொன்னார். அவர் மேகத்துக்குள் இருந்தார். இரைச்சல் மட்டும் எங்களுக்கு மேலாகப் போனது.

சிறிய விமானத்தைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். திருச்செந்தூரைத் தாண்டி வடக்கே வருகிறேன், மூவாயிரம் அடி என்றார் விமானி. பேசி முடித்தால் பொத்தானை விட வேண்டும். விட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து அலைவரிசை அமைதியாகும். அந்த ‘டக்’ வரவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பொத்தான் மாட்டிக்கிட்டு” என்றார் பின்னால் நின்ற சிவசு சார். விமானம் வானத்தில் இருக்கும்போது அவர் பேசியது அன்றுதான் முதல் தடவை.

அதன் பொருள் என்னவென்றால், அந்த விமானியின் மைக் திறந்தே கிடக்கிறது. அவர் விமானத்தில் நடப்பதெல்லாம் எங்களுக்குக் கேட்கும். அவருக்கு வேறு யார் பேசுவதும் கேட்காது. அலைவரிசை ஒற்றையடிப் பாதை மாதிரி. ஒருவர் குறுக்கே நின்றுவிட்டால் வேறு யாரும் போக முடியாது. நான் மைக்கை அழுத்திச் சென்னை விமானத்தைக் கூப்பிட்டேன். இரண்டு குரல்களும் மோதி, தகரத்தை ஆணியால் கீறும் கூச்சல்தான் எழுந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே கூச்சல்.

கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். சிறிய விமானத்தின் விமானி ஆங்கிலத்தில் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: “டவர் பேசவே மாட்டேன் என்கிறது. ரேடியோ போய்விட்டதா?” பின்னாலிருந்து படம் எடுப்பவர்களின் குரல் மெலிதாக வந்தது. நம்மூர்ப் பேச்சு.

“ஏலே, லென்ஸ மூடு. மேகம் வந்துட்டு.”

“அந்தா ஆறு கடல்ல விழுதுல்லா, அதுவரைக்கும் எடுத்தாச்சி. அதுக்கு வடக்க ஒண்ணும் தெரியல.”

தாமிரபரணி ஆறு கடலில் விழும் இடம்தான் என் ஊர். அங்கிருந்து வடக்கே, உப்பளங்களுக்கு மேலாக, சென்னை விமானம் கரையைக் கடக்கும் கோடு எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள நான் வரைபடம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று வடக்கே வருகிறது. ஒன்று கிழக்கே போகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த உப்பளங்களுக்கு மேல் சேரும். இருந்தாலும் இடையில் இரண்டாயிரம் அடி இருக்கிறது. மூவாயிரத்தில் இருக்கும்வரை பரவாயில்லை.

அப்போது விமானி சொன்னார்: “கீழே மழை. மேகத்துக்குள் மாட்டக் கூடாது. மேலே வெளிச்சமாக இருக்கிறது. ஏறி இதைத் தாண்டிவிடுகிறேன்.”

இன்ஜினின் சத்தம் மாறியது.

என் கை தானாகச் சீட்டுகளுக்குப் போனது. கீழே இருந்த சீட்டை எடுத்து, மேலே இருந்ததற்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே உயரத்தில் இரண்டு சீட்டு. இத்தனை வருஷத்தில் நான் அப்படி வைத்ததே இல்லை.

இனி அவரைத் தடுக்க வழியில்லை. அவருடைய ரேடியோ ஒன்றே ஒன்று, அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. சென்னை விமானத்தைத்தான் விலக்க வேண்டும். அதில் ரேடியோ இரண்டு. இரண்டாவதில் அவசர அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம். அடுத்த மைக்கை எடுத்து அதில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. அந்த விமானத்தை எங்களிடம் ஒப்படைத்த மையத்துக்கு நேரடித் தொலைபேசி உண்டு. எடுத்துச் சொன்னேன். அவர்களும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “பதில் இல்ல மேடம், உங்க அலைவரிசைக்கு வந்துட்டாங்க” என்றார்கள்.

திறந்து கிடந்த மைக்கில் விமானியின் குரல்: “நாலாயிரம்.”

“இறங்குற நேரம்லா” என்றார் சிவசு சார். “ரெண்டாவது ரேடியோவுல கம்பெனியோட பேசிக்கிட்டு இருப்பான்.” அவர் கீழே டெர்மினலுக்குப் போகும் போனை எடுத்துவிட்டார்.

விமான நிறுவனத்தின் அலுவலகம் கீழே ஒரு சின்ன அறை. சக்கர நாற்காலி எத்தனை வேண்டும், எரிபொருள் எவ்வளவு என்று விமானத்தோடு பேச அங்கே தனியாக ஒரு ரேடியோ உண்டு. அன்று பணியில் இருந்தது செல்வி. புதுக்கோட்டைப் பெண், மூட்டை எடை போடுவதிலிருந்து அறிவிப்புப் படிப்பதுவரை எல்லாம் அவள்தான்.

“செல்வி, டவர்ல சிவசுப்பிரமணியன் பேசுதேன். சென்னை விமானம் ஒங்க ரேடியோவுல இருக்கா?”

“இப்பத்தான் பேசுனாங்க சார்.”

சிவசு சார் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “என்ன சொல்லணும்?”

எந்தத் திசை, ஏறவா இறங்கவா என்பதை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறிய விமானம் எங்கே ஏறி நிற்கும் என்று தெரியாது. அதனால் உயரத்தை மாற்றச் சொல்வது சூதாட்டம். சென்னை விமானம் வலப்பக்கம் திரும்பினால் சிறிய விமானம் வரும் பக்கமாகவே போகும். “இடப்பக்கம் திரும்பி மேற்க போகச் சொல்லுங்க சார். உடனே. உயரம் மாத்த வேண்டாம்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே போனில் சொன்னார். “திருப்பிச் சொல்லு” என்றார்.

“சார், இத நான் எப்படிச் சொல்லலாம்? நாங்க திசையெல்லாம் சொல்லக் கூடாது.”

“நீ சொல்லல தாயி. டவர் சொல்லுது. ஒன் வாய் வழியாப் போகுது. திருப்பிச் சொல்லு.”

சொன்னாள். பிழை இல்லை. “இப்ப அவங்கட்டச் சொல்லு. போன வச்சிராத.”

சிவசு சார் போனை எனக்கும் கேட்கும்படி பிடித்தார். செல்வி ரேடியோவில் பேசுவது தூரத்தில் கேட்டது. பதில் வந்தது. துணை விமானி போலும். நிறுவனம் திசை சொல்லக் கூடாது, டவர் எங்களிடம் நேராகச் சொல்லட்டும் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். பயிற்சியில் கேட்ட ஒலிப்பதிவுகளில் எல்லோரும் இப்படித்தான் சரியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கில் விமானி: “நாலாயிரத்து ஐந்நூறு.”

செல்வி மறுபடி பேசினாள். இந்த முறை நாங்கள் கொடுத்த வாசகம் இல்லை. ஆங்கிலத்தில், கவுண்ட்டரில் பயணிகளிடம் பேசும் அதே குரலில், “கேப்டன் சார், டவரால் உங்களோடு பேச முடியவில்லை. உங்களுக்கு முன்னால் ஒரு விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து திரும்புங்கள். தயவுசெய்து இப்போதே திரும்புங்கள்” என்றாள்.

பதில் இல்லை.

செல்வியின் மூச்சு போனில் கேட்டது. நான் கண்ணாடி வழியாகக் கிழக்கே பார்த்தேன். மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பிறகு வேறொரு குரல், கேப்டனுடையது, செல்வியின் ரேடியோவில்: “இடப்பக்கம் திரும்புகிறோம். மேற்கு நோக்கி. ஐயாயிரம் அடியிலேயே.”

அதே நேரம் திறந்து கிடந்த மைக்கில் படம் எடுப்பவர்களில் ஒருவன், “சார், சார், அந்தா” என்றான். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும். பிறகு ‘டக்’ என்று அலைவரிசை அமைதியானது. பதற்றத்தில் விமானி கைப்பிடியை இறுக்கித் திருப்பியபோது மாட்டிக்கொண்டிருந்த பொத்தான் விடுபட்டிருக்கிறது. அவர் முதலில் சொன்ன வார்த்தை, “டவர், என் குரல் கேட்கிறதா?”

“நன்றாகக் கேட்கிறது” என்றேன்.

மேகத்தின் இடைவெளியில், இடப்பக்கம் சாய்ந்து திரும்பும் விமானத்தின் அடிவயிறு தெரிந்ததாகவும், இறக்கையில் இருந்த எழுத்துகளைத் தன்னால் படிக்க முடிந்ததாகவும் படம் எடுத்தவன் பிறகு விசாரணையில் சொன்னான். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு அவனால் சொல்ல முடியவில்லை.

இதுபோல ஒன்று நடந்தால் கட்டுப்பாட்டாளரை உடனே நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் உட்கார வேறு ஆள் இல்லை. “ரெண்டையும் எறக்கிட்டு எந்திரி” என்றார் சிவசு சார். இறக்கினேன். சிறிய விமானத்தை முதலில், பிறகு சென்னை விமானத்தை. பயணிகள் படியில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். நான் எழுந்து, கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கடுமையானவர்கள் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். கேப்டன் தன் பக்கத்தைச் சொன்னார். கூச்சல் தாங்காமல் எங்கள் அலைவரிசையின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். துணை விமானி இரண்டாவது ரேடியோவில் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். சிறிய விமானத்தின் விமானி, ரேடியோ போய்விட்டது என்று நினைத்து, மேகத்தைத் தவிர்க்க ஏறியிருந்தார்; ஆபத்து நேரத்தில் கட்டளையை மீற விமானிக்கு உரிமை உண்டு. யாரும் செய்யக் கூடாததைச் செய்யவில்லை. உப்புக் காற்றிலும் வியர்வையிலும் ஒரு பொத்தானின் சுருள்வில் இறுகியிருந்தது, அவ்வளவுதான். எனக்குத்தான் அது நிம்மதியாக இல்லை. யாராவது தவறு செய்திருந்தால் அவரைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

செல்வியைக் கூப்பிட்டபோது அவள் பயந்துபோயிருந்தாள். வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிவசு சார் அவளோடு உள்ளே போய், கேட்பதற்கு முன்பே, “அந்தப் பொண்ணு பேசுனது என் உத்தரவு. அதுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு நின்றார். அவர்கள் செல்வியிடம் ஒன்றுதான் கேட்டார்கள்: டவர் கொடுத்த வாசகத்தில் ‘தயவுசெய்து’ என்பதே இல்லையே, ஏன் சேர்த்தீர்கள்?

“மொத தடவ அவங்க திரும்பல சார்” என்றாள் செல்வி.

அவள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. நிறுவன அறைக்கும் டவருக்கும் தனியாக ஒரு நேரடி இணைப்புப் போட்டார்கள். அதைச் சோதிக்கத் தினமும் காலையில் கூப்பிட வேண்டும். செல்விக்கும் எனக்கும் பழக்கம் அப்படித்தான் நெருங்கியது. இன்றும் அவள் வீட்டு விசேஷத்துக்கு எனக்கு முதல் ஆளாகச் சொல்லுகிறாள்.

விசாரணை முடியும்வரை எனக்கு நாற்காலி இல்லை; வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து உட்கார வைத்தார்கள். முடிந்து, மறுபடி உட்காரலாம் என்று எழுத்தில் வந்த அன்று காலை நன்றாகத்தான் இருந்தேன். குளித்து, மாதா கோயிலுக்குப் போய், இட்லி சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். காற்று, அழுத்தம், ஓடுபாதை எல்லாம் சரிபார்த்தேன். முதல் விமானம் கூப்பிட்டது. வழக்கமான குரல், வழக்கமான வார்த்தைகள்.

என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அது திரும்பி வராது என்று தோன்றியது. என் குரல் போய்க் குறுக்கே நின்றுவிடும், வேறு யாருடைய குரலும் எனக்கு வராது என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. விரல் கேட்கவில்லை.

விமானம் மறுபடி கூப்பிட்டது.

சிவசு சார் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறுதல் சொல்லவில்லை. வேறு ஆளைக் கூப்பிடவும் இல்லை. அந்த மைக்கைத் தொட அவருக்கு அனுமதி இல்லை என்பது அறையில் இருந்த எங்கள் இருவருக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்து, “கூப்பிடுதான்லா மெர்சி” என்று மட்டும் சொன்னார், வாசலில் யாரோ நிற்பதைச் சொல்வதுபோல.

அழுத்தினேன். காற்றின் திசையைச் சொன்னேன், உயரத்தைச் சொன்னேன். விரலை எடுத்தேன். ‘டக்’ என்றது. விமானி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.